பரிசிலும் பற்றுச்சீட்டும்

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்குப் புரவலன் வாழும் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் எடுத்துரைக்கும் முறையில் அமைந்தவை. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மரபு நம்முடையது. ஆனால் தமிழகத்துக்கு அப்பால் நாம் நடத்தும் சங்கங்களின் நிலை என்ன? ஒரு சங்கத்துக்கு ஏதேனும் மானியம் கிடைத்துவிட்டால், அச்செய்தி அடுத்த பேட்டைச் சங்கத்துக்கு எட்டாமல் காப்பதே நிருவாகத் திறமை என்று கருதப்படுகிறது. பெரும்பாலான சங்கங்களுக்கு அக்கவலையும் இல்லை. அவை விண்ணப்பிப்பதே இல்லை.

நாம் பொருள் திரட்டும் முறை யாவரும் அறிந்ததே. பொங்கலுக்கு முன் வீடு வீடாகச் சென்று நன்கொடை, ஆண்டு விழாவுக்கு ஓர் இன்னிசை நிகழ்ச்சி, அதற்கு ஒரு மலர், மலருக்கு விளம்பரங்கள். (இம்மலரின் பின்பக்கங்களைப் புரட்டும் அன்பர்கள் நான் கூறுவதை எளிதில் உணர்வர்.) திரண்ட பணம் மேடைக்கும் பொன்னாடைக்கும் விருந்துக்கும் போய்விடுகிறது. ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் அம்மையாருக்குப் பாடநூல் வாங்கவும் மிச்சமில்லை. ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் நான்கு வரிச் செய்தியைப் படிக்கத் தெரியாமல், கைப்பேசியைத் தந்தையிடம் நீட்டும் பிள்ளைகள் நம் இல்லந்தோறும் வளர்ந்து வருகின்றனர்.

மானியம் கேட்போம் என்றால் உடனே எழும் முதல் மறுப்பு, 'அரசின் முன் கையேந்துவதா?' என்பது. இதனைக் கூறுவோர் நாட்டின் அரசியலமைப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். மொழிச் சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவு அளிக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, உதவி வழங்குங்கால் சிறுபான்மையினர் நடத்துவது என்னும் காரணத்தால் எந்நிறுவனத்துக்கும் வேறுபாடு காட்டலாகாது என்கிறது. சிறுபான்மை என்பதை மாநில அளவிலேயே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே மராட்டியத்திலும் கருநாடகத்திலும் வங்கத்திலும் நாம் மொழிச் சிறுபான்மையினரே. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் அரசு உதவி பெற்றே நடைபெறுகின்றன. அதனால் தில்லித் தமிழரின் மானம் குறைந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இரண்டாவது மறுப்பு, 'அரசுப் பணம் வாங்கினால் கணக்குக் கேட்பார்கள்' என்பது. நம்முடைய உண்மையான அச்சம் இதுவே. அதியமானிடம் பரிசில் நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரின் வரலாற்றைப் புறநானூறு கூறுகிறது. மன்னன் அவரை நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார். தம் தகுதியறிந்து தருவது எத்துணைச் சிறிதாயினும் இனிது என்றார். ஆராய்ந்து கொடு என்று கேட்டவர் அவர். ஆராயாமல் கொடு என்று கேட்பவர்கள் நாம். வேடிக்கை என்னவெனில், நம் உறுப்பினருள் எத்தனையோ பேர் அமைச்சகங்களிலும் வங்கிகளிலும் அமர்ந்து, பிறர் விண்ணப்பத்தில் ஒரு சான்று குறைந்தாலும் திருப்பியனுப்புபவர்கள்!

முன்னர் நான் பணியாற்றிய வடநாட்டு நகரொன்றின் சங்கத்தில், சுமார் ஆயிரம் தமிழ் நூல்கள் செயலாளர் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நூலக உதவிக்கு விண்ணப்பிக்க முனைந்தோம். மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு வேண்டும் என்றனர். எங்களிடம் இருந்தவை சிகரெட்டு அட்டையின் பின்புறத்தில் எழுதிய கூட்டல்கள். இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் பரணில் கரையான் புற்றே எஞ்சியது. அந்நூல்களுள் சில இன்று எவ்விலைக்கும் கிட்டா.

புரவலர் இல்லாமலில்லை. 1972இல் கொல்கத்தாவில் தோன்றிய இராஜாராம் மோகன்ராய் நூலக நிறுவனம், பொதுநூலகப் பணி ஆற்றும் தன்னார்வ அமைப்புகளுக்கும் உதவுகிறது. மாநில அரசின் வாயிலாக அணுக வேண்டும். நாடகம், கருத்தரங்கு, விழா ஆகியவற்றுக்கு நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டங்கள் உள்ளன. பெங்களூரில் 1993இல் நிறுவப்பெற்ற இந்தியக் கலை அறக்கட்டளை, கலை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை தருகிறது. எல்லாவற்றினும் பெரிய ஊற்று, 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. குறித்த அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுமங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, பொதுநூலகம், மரபுக் கலை ஆகிய யாவும் அப்பணிகளின் பட்டியலில் உள்ளன. அந்நிறுமங்களில் பொறியாளராகவும் கணக்கராகவும் இருப்போர் நம் பிள்ளைகளே. சங்கத்துக்குப் பதிவு, தர்ப்பண் எண், 80ஜி என்று நாம் நெடுங்காலம் அறிந்த வரிச்சலுகைச் சான்று, நிறும விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.1 படிவப் பதிவு ஆகியவை இருந்தால், அப்பிள்ளைகளுள் ஒருவர் தம் மேலாளரிடம் வாய்திறக்கலாம். இல்லையெனில் வெட்கப்பட்டு வாளாவிருப்பார்.

அயல்நாட்டு உறவினர் அனுப்பட்டும் என்போர்க்கு ஒரு சொல்: அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழரே ஆயினும், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தருவது அயல்நாட்டுப் பணமே. உரிய பதிவின்றி அதைத் தொடுதல் குற்றம்.

2017இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. உலகத் தமிழரும் வாரி வழங்கினர். நம்மவரும் அனுப்பி மகிழ்ந்தோம். தவறில்லை. அங்கே திட்டம் எழுதப்பட்டிருந்தது; தேவையான தொகை தெரிந்திருந்தது. நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஓராண்டில் எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், நம் செயற்குழுவில் விடை சொல்லுவார் யார்?

மறுப்போர் பக்கம் நியாயம் சிறிதும் இல்லையென்று கூறேன். மானியம் காலந்தாழ்ந்து வரும். சில வேளைகளில் முன்பணம் செலவிட்ட பின்னரே வரும். பயன்பாட்டுச் சான்று அனுப்பாவிடில் அடுத்த தவணை நின்றுவிடும். மண்டபம் கட்டப் பெற்று, அதைப் பேணப் பணமின்றித் திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டு, தமிழை வாயிலில் நிறுத்திய சங்கங்களும் உண்டு. ஆதலின் முதலிற் கேட்க வேண்டியது நூலகத்துக்கும் வகுப்புக்கும், கட்டடத்துக்கன்று.

நம் சங்கத்தின் கடந்த இரண்டு ஆண்டுக் கணக்குகள் தணிக்கையாகிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டின் பற்றுச்சீட்டுகள் பழைய பொறுப்பாளர்கள் இல்லங்களில் பிரிந்து கிடப்பதாகக் கேள்வி. அலமாரி, பெட்டி, பூசையறை மாடம் எங்கிருப்பினும், தைப் பொங்கலுக்குள் அவற்றைப் பொருளாளரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறேன்.