படம் பாத்துட்டு பேசுறதெல்லாம் ஒரு பொழப்பா?

சித்தியிடமிருந்து போன். எடுத்ததுமே அழுகை.

"ஏ மக்கா, நீயாவது அவன்கிட்ட சொல்லேன். இஞ்சினியரிங் படிச்சிட்டு மேல்ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு தனியா பேசிக்கிட்டு கெடக்கான். உள்ளுக்குள்ள என்னமும் கோளாறான்னு பக்கத்து வீட்ல கேக்காவ."

கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தம்பி யூட்யூபில் சேனல் வைத்திருக்கிறான். சினிமாவையும் வீடியோ கேமையும் பிரித்து மேய்வதுதான் வேலை. ஒரு காட்சி ஏன் நம்மை அழ வைத்தது, ஒரு கேமில் மூணாவது லெவல் மட்டும் ஏன் எரிச்சலைக் கிளப்புகிறது, இந்த மாதிரி. ஸ்டூடியோ என்பது தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சித்தி வீட்டு மாடி அறை. ஜன்னலில் பழைய போர்வை, மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேன் ஆஃப். கீழே வள்ளம் கரைக்கு வரும் என்ஜின் சத்தமும் மீன் ஏலச் சத்தமும் அடங்கிய பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் ரெக்கார்டிங். அந்தப் பக்கத்து வெக்கையில் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள், பொழைப்பா இல்லையா என்று தெரியும்.

இந்தப் பதிவு அவனுக்காக மட்டும் இல்லை. கொஞ்ச நாளாகவே நம்ம பதிவுலக நண்பர்கள் சிலர் "இந்த யூட்யூப் பசங்க விமர்சனத்தையே கெடுத்துட்டாங்க, தடை போடணும்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பின்னூட்டத்தில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் தனிப்பதிவு. கும்ம நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கும்மவும்.

முதல் குற்றச்சாட்டு: "படம் எடுக்கத் தெரியாதவனுக்குப் பேச என்ன தகுதி?"

இதற்கு நம்மூரிலேயே சோதனை நடந்து முடிந்துவிட்டது. தமிழ் டாக்கீஸ் ப்ளூ சட்டை மாறனைத் தெரியாத ஆள் இருக்க முடியாது. 2017-ல் விவேகம் விமர்சனம் வந்தபோது சினிமாக்காரர்களே வரிசையாக வந்து திட்டினார்கள். முடிந்தால் நீ ஒரு படம் எடுத்துக் காட்டு என்றார்கள். மனுஷன் எடுத்தே விட்டார். இளமாறன் என்ற சொந்தப் பெயரில் இயக்கிய 'ஆன்டி இண்டியன்' 2021 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது. சரி, அந்தப் படம் நல்லா இருந்தால் விவேகம் விமர்சனம் சரியாகிவிடுமா? மோசமாக இருந்தால் தப்பாகிவிடுமா? ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் பேசுகிற தொனி எனக்கு ஒத்துக்கொள்ளாது. எத்தனையோ முறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கியவனுக்குப் பேச உரிமை டிக்கெட்டிலேயே அடக்கம். மீன் கெட்டுப்போச்சா என்று சொல்ல வலை வீசத் தெரிந்திருக்க வேண்டாம், செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது: "இவனுக பேசித்தான் படம் ஓடல."

2024 நவம்பர் 14-ல் கங்குவா வந்தது. அதற்கு அடுத்த வாரமே தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் அறிக்கை விட்டது. இந்தியன் 2, வேட்டையன், கங்குவா எல்லாவற்றையும் யூட்யூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன, முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டர் வளாகத்துக்குள் சேனல்காரர்களை விடாதீர்கள் என்றார்கள். அதோடு நிற்காமல், படம் வந்த முதல் மூன்று நாளுக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அப்படி ஓர் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் வருகிறது என்பதுதான் சாரம்.

எனக்குப் புரியாதது இதுதான். ரிலீஸுக்கு ஒரு மாசம் முன்னாலிருந்து ட்ரெய்லர் ரியாக்‌ஷன், பாட்டு ரியாக்‌ஷன், பேட்டி என்று இதே யூட்யூப் வேண்டும். ரிலீஸ் அன்றைக்கு மட்டும் மூன்று நாள் வாயை மூடு என்றால்? அந்த மூன்று நாளில்தான் டிக்கெட் காசு மொத்தமாக வருகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆக, பாதுகாக்கச் சொல்வது கலையை அல்ல. கெட்டுப்போன மீனை விற்று முடிக்கிற அவகாசத்தை.

தனிமனிதத் தாக்குதல், நடிகையின் உடம்பைப் பற்றிய பேச்சு, படமே பார்க்காமல் போடுகிற ரிவ்யூ, இதெல்லாம் நடக்கிறது. நான் மறுக்கவில்லை. அதற்கு வழக்குப் போடட்டும். ஒருத்தன் எச்சில் துப்பினான் என்பதற்காகத் தெருவையே அடைக்கக் கூடாது.

மூன்றாவது குற்றச்சாட்டு நம்முடையது: "எழுத்துதான் விமர்சனம். வீடியோ வெறும் கூச்சல்."

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாம் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்து குதித்தோமா? வலைப்பதிவில் படம் பற்றி எழுதியவர்களைப் பத்திரிகைக்காரர்கள் ஒரு காலத்தில் இதே வார்த்தையில்தான் ஏளனம் செய்தார்கள். அப்படி எழுதிய கேபிள் சங்கர் 2015-ல் 'தொட்டால் தொடரும்' இயக்கினார். கருந்தேள் ராஜேஷ் திரைக்கதை பற்றி நம் எல்லோருக்கும் பாடமே எடுத்தார். ஜாக்கி சேகர் பதிவிலிருந்து வீடியோவுக்கே போனார். நமக்கு ஒரு நியாயம், அடுத்த தலைமுறைக்கு ஒரு நியாயமா?

வீடியோவில் எழுத்தால் முடியாத ஒரு வேலை முடியும். காட்சியைக் காட்டிக்கொண்டே அந்தக் காட்சியைப் பற்றிப் பேசலாம். டோனி ஜோவும் டெய்லர் ராமோஸும் 2014 முதல் 'எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங்' என்று செய்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜாக்கி சான் சண்டைக் காட்சியில் கேமரா ஏன் அசையாமல் நிற்கிறது என்பதைப் பத்துப் பக்கம் எழுதிப் புரியவைப்பதும், பத்து நொடியில் காட்டுவதும் ஒன்றா?

தம்பியின் வேலையிலிருந்தே ஓர் உதாரணம். 'வெண்பா' என்று ஒரு கேம். 2023 ஜூலையில் வந்தது. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா சமைக்கிறாள், மகன் வளர வளரத் தமிழைவிட்டு விலகிப் போகிறான். 2024-ல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஆங்கிலத்தில் ஏகப்பட்ட விமர்சனம் வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அதில் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர் என்கிறபோது, அந்தப் புதிரைப் பார்த்ததும் நமக்கு வரும் சிரிப்பு அவர்களுக்கு வராது இல்லையா? தம்பி செய்தது என்னவென்றால், கேமை ஒரு பக்கமும், சித்தி அடுப்படியில் இட்லி ஊற்றுவதை இன்னொரு பக்கமும் ஓடவிட்டான். விளையாடத் தெரியாத சித்தியிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தான். அவங்க முதல் தடவையிலேயே சரியாக அடுக்கிவிட்டார்கள். 14 நிமிஷ வீடியோ. எடிட் பண்ண மூன்று வாரம். எந்த மொழியிலும் வேறு யாரும் செய்திருக்க முடியாத விமர்சனம் என்று சத்தியம் செய்து சொல்வேன்.

அதைப் பார்த்தவர்கள் சுமார் 900 பேர். அதே வாரம் ஒரு பெரிய படத்துக்கு "மொக்கையா மாஸா?" என்று அவன் கடுப்பில் போட்ட மூன்று நிமிஷ வீடியோவுக்கு 40,000.

நிற்க. உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. கூச்சல் போடுகிறார்கள் என்று திட்டுகிறோமே, கூச்சலுக்குத்தான் காசு என்று கணக்கு வைத்தது யார்? யூட்யூபில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸுக்குக் கணக்கு வேறு). அதைத் தாண்டினால் நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கே வரும். தம்பிக்கு அது மூணு மாசத்துக்கு ஒருக்கா சேருகிறது. சித்தி அழாமல் என்ன செய்வார்கள்?

அதிலும் காப்புரிமைக் கோரல் வந்தால் போச்சு. நம் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வதைக் குற்றமில்லை என்கிறது. ஆனால் வீடியோவைச் சலிப்பது 2007-ல் வந்த கன்டென்ட் ஐடி என்கிற மென்பொருள். அதற்கு விமர்சனமும் தெரியாது, திருட்டும் தெரியாது. ரெண்டு பைலும் ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நானும் கோடு எழுதிப் பிழைக்கிறவன்தான், அதனால் சொல்கிறேன்: 'நியாயமான அளவு' என்பதற்கு இஃப் கண்டிஷன் எழுத முடியாது. கோரல் வந்து, நாம் மறுத்தால், பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம். தம்பி ஒருமுறை ஒரு பாட்டின் பதினோரு நொடியைப் போட்டு அதன் தாளத்தை விளக்கினான். ஓர் இசை நிறுவனம் அந்த வீடியோவின் மொத்த வருமானத்தையும் எடுத்துக்கொண்டது.

இது சின்னப் பசங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2013-ல் 'டே ஒன்: கேரிஸ் இன்சிடென்ட்' என்ற கேமை டோட்டல் பிஸ்கட் என்ற பிரபல விமர்சகர் கிழித்துத் தொங்கவிட்டார். தயாரித்த நிறுவனம் காப்புரிமையைக் காட்டி வீடியோவையே தூக்கவைத்தது. ஊரே திரண்டு திட்டிய பிறகுதான் பின்வாங்கியது. நம் தம்பிமாருக்குத் திரள ஊர் ஏது?

அடைப்பது ஒரு வழி. வாங்குவது இன்னொரு வழி. 2014-ல் 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' என்ற கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூட்யூப் ஆட்களுக்குப் பணம் கொடுத்தது. நல்லபடியாகக் காட்ட வேண்டும், பிழைகள் எதையும் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. ப்யூடிபையின் வீடியோவை மட்டும் 37 லட்சம் முறைக்கு மேல் பார்த்தார்கள். பணம் வாங்கிய விஷயம் கீழே 'மேலும் காட்டு' என்பதை அமுக்கினால்தான் தெரியும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு, 2016-ல் சமரசத்தில் முடிந்தது.

நம்ம ஊரிலும் விதி இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-லேயே நெறிமுறை போட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இன்னும் தெளிவாகச் சொன்னது: காசோ பொருளோ வாங்கினால் சொல்ல வேண்டும், வீடியோ எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். பார்ப்பவரை ஏமாற்றும் விளம்பரம் என்றானால் அபராதம் 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. இதைப் பற்றி எந்தச் சங்கமாவது அறிக்கை விட்டதை நான் பார்க்கவில்லை.

இப்போது கொஞ்சம் அசிங்கமான பகுதி. தம்பியும் ஒருமுறை வாங்கினான். ஒரு விளம்பர ஏஜென்சி மூலமாக ஒரு படத்துக்கு 8,000 ரூபாய். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஏழு பாயிண்ட் எழுதியே அனுப்பியிருந்தார்கள். பணம் வாங்கியதை அவன் வீடியோவில் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஒரு கமென்ட். ஹார்பரில் லோடு ஏற்றுகிற அண்ணன் ஒருத்தர். "தம்பி நீங்க சொன்னீங்கன்னு ஒரு நாள் கூலிய போட்டு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனேன். நீங்க நெஜமா பாத்தீங்களா?" அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அவன் அந்த வீடியோவை எடுத்துவிட்டான். அந்த ஏஜென்சியே மறுபடி வந்தது, இந்த முறை 15,000. "அண்ணே என்ன செய்ய?" என்று என்னிடம்தான் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாங்கிக்கோல, எல்லாரும்தான் வாங்குறான். ஈஎம்ஐ கட்ட வேண்டாமா?" ஓஎம்ஆரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அறிவுரை சொல்லக் கூப்பிட்ட அண்ணனின் லட்சணம் அது.

சித்தப்பா வள்ளம் வைத்திருக்கிறவர். யூட்யூப் பற்றி ஒரு எழவும் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டா அம்புட்டுத்தாம்ல. அப்புறம் மீனு நம்ம வள்ளத்துல கெடக்கும், வெல அவன் வாய்ல கெடக்கும். நான் மாட்டிக்கிட்டு இருபது வருசமா முழிக்கேன். நீ வேற போயி விழுகியா?"

திரேஸ்புரம் கரையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். முன்பணம் வாங்கிய வள்ளம் அந்த வியாபாரியைத் தவிர வேறு ஆளுக்கு மீன் போட முடியாது. எடையும் விலையும் அவர் சொன்னதுதான். விமர்சகன் விற்பது ஒன்றே ஒன்று, 'நான் பார்த்தேன், எனக்கு இப்படித் தோன்றியது' என்கிற சொல். அதற்கு முன்பணம் வாங்கியாச்சு என்றால் விற்க மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று. விமர்சனம் செய்கிற தம்பிமாரே, காசு வாங்கினால் முதல் பத்து நொடிக்குள் வாயால், தமிழில் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் வாங்காதீர்கள். தயாரிப்பாளர்களே, மூன்று நாள் தடை கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் பெயரால் ஏஜென்சிகள் கொடுக்கிற காசுக்கு முதலில் கணக்குச் சொல்லுங்கள். நம்ம பதிவர்களே, பாதிச் சுமை நம் மேல்தான். 900 பேர் பார்த்த வீடியோவைத் தேடிப் பாருங்கள், கடைசிவரை பாருங்கள், நாலு வரி எழுதுங்கள், முடிந்தால் மாசம் ஒரு டீக் காசு கட்டி உறுப்பினர் ஆகுங்கள். பார்க்கிறவன் சோறு போட்டால்தான் விமர்சகன் பார்க்கிறவனுக்காகப் பேசுவான். நாம் போடாவிட்டால் வேறு ஆள் போடத் தயாராக நிற்கிறான்.

தம்பி அந்த 15,000-ஐ வேண்டாம் என்றுவிட்டான். பகலில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை, ராத்திரி போர்வைக்குள் ரெக்கார்டிங். எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டால் "எம்புள்ள வேலைக்குப் போறான்" என்று சித்தி சொல்லிக்கொள்கிறார்கள். எந்த வேலையைச் சொல்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டிஸ்கி: சேனல் பெயரைக் கேட்டுப் பின்னூட்டம் போட வேண்டாம். சொந்தக்காரன் சேனலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுப் பெயரையும் கொடுத்தால் அதுவும் விளம்பரம்தானே :-) இதற்கு அவனிடமிருந்து நான் வாங்கியது போன பொங்கலுக்கு வந்த அரைக் கிலோ நெய்மீன் கருவாடு மட்டும்.