அடிச்சா ஒரே அடி... அப்புறம்?

மங்கா படிக்கிற கோஷ்டிக்குள் அடிக்கடி வெடிக்கிற சண்டை ஒன்று உண்டு. 'ஹீரோ இவ்ளோ பலசாலியா இருந்தா கதையில என்னப்பா த்ரில்?' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். 'உனக்கு ரசனை பத்தலை' என்று இன்னொருத்தர் எகிறுவார். அதற்குள் டீ ஆறிவிடும்.

நீங்க எந்தக் கட்சியோ! என் கட்சி தனி. ஹீரோ எவ்வளவு பலசாலியா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும். அவன் அடிச்ச அடிக்கு அந்த உலகம் என்ன பதில் சொல்லுதுன்னு மட்டும் பாருங்க.

'ஒன் பன்ச் மேன்' எடுத்துக்குங்க. 'ஒன்' என்ற புனைபெயர்க்காரர் 2009-ல் சுமாரான படங்களோடு ஆரம்பித்த தொடர். 2012-ல் யூசுகே முராட்டா அதை மறுபடி வரைய ஆரம்பித்ததும் எங்கேயோ போய்விட்டது. ஹீரோ பேரு சைதாமா. தினமும் 100 புஷ்-அப், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம். மூணு வருஷத்துல முடி மொத்தமும் போச்சு, பலம் வந்துச்சு. எப்பேர்ப்பட்ட அரக்கனா இருந்தாலும் ஒரே குத்து, ஆள் காலி. நியாயமாப் பார்த்தா முதல் அத்தியாயத்துலயே 'சுபம்' போட்டிருக்கணும்.

போடலையே! ஏன்னா அந்த உலகத்துல ஹீரோக்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. அதுக்குப் பரீட்சை இருக்கு. உடல்தகுதியில சைதாமா ஃபுல் மார்க். எழுத்துத் தேர்வுல சொதப்பல். மொத்தம் 71 வாங்கித் தப்பிப் பிழைச்சு, கடைசி வகுப்பான 'சி'யில 388-வது ராங்க். கூடவே எழுதின சிஷ்யன் ஜெனோஸ் 100-க்கு 100 வாங்கி நேரா 'எஸ்' வகுப்பு! (குரூப் ஸ்டடியில சொல்லிக் கொடுத்தவன் பார்டர்ல பாஸாகி, கேட்டுக்கிட்டவன் ராங்க் வாங்கின கதை உங்க வகுப்பிலும் இருக்குமே.) 'சி' வகுப்புக்காரங்க வாரத்துக்கு ஒரு காரியமாவது செய்யலைன்னா பேரை எடுத்துடுவாங்க. அதனால உலகத்தின் மகா பலசாலி, 'ஏதாவது ஒரு திருட்டாவது நடக்காதா'ன்னு ஊரைச் சுத்தி ஓடுறான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது விண்கல் எபிசோடு. இஸட் சிட்டி மேல ராட்சசக் கல் ஒண்ணு விழப்போகுது. 'எஸ்' வகுப்பு ஆளுங்களே கையைப் பிசையறாங்க. சைதாமா எகிறிப்போய் ஒரு குத்து விடுறான். கல் சுக்குநூறு. வேற கதையா இருந்தா இங்கே விசில், கைதட்டல், அடுத்த சீன். இங்கே? உடைஞ்ச கல்லெல்லாம் ஊர் மேலயே விழுது. உயிர் போகலை. ஆனா தெருத் தெருவா கட்டடங்கள் நாசம். சில நாள் கழிச்சு, ஜனங்க அவனை நடுத்தெருவுல நிறுத்தி வச்சுத் திட்டுறாங்க. 'எங்க வீடு போச்சே'ன்னு கேக்கிறவங்களுக்கு எந்தக் குத்தால பதில் சொல்ல முடியும்? அந்த ஒரு காட்சிக்காகவே அந்த ஊர் நிஜமான ஊர்னு நான் நம்பறேன்.

இப்போ அந்தப் பக்கம் வாங்க. லாரியில அடிபட்டுச் செத்து, வேற உலகத்துல பிறந்து, பிறக்கும்போதே சகல வித்தையும் கைவசமாகிற ஹீரோக்கள். இவங்கள்ல பல பேரு அங்கே போனதும் மயோனைஸ் செஞ்சு காட்டுவாங்க. அரசனிலிருந்து ஆயா வரைக்கும் வாயைப் பிளப்பாங்க. பரம்பரை பரம்பரையா முட்டையும் எண்ணெயும் வச்சிருந்த ஜனங்களுக்கு ரெண்டையும் சேர்த்து அடிச்சுப் பார்க்கத் தோணவே இல்லையாம்! இங்கே ஹீரோ புத்திசாலி இல்லை பாஸ், ஊரையே மக்காக்கி வச்சிருக்காங்க.

அதுக்கு நேர் எதிர் வேணும்னா 'ஃப்ரீரென்' படிங்க. கானேஹிதோ யமடா கதை, ட்சுகாசா அபே படம், 2020-ல் ஆரம்பம். ஃப்ரீரென் ஆயிரம் வயசைத் தாண்டின மந்திரக்காரி. அசுர ராஜாவைத் தோற்கடிச்ச பிறகுதான் கதையே தொடங்குது. அதுல குவால்னு ஒரு அசுரன். எந்தக் கவசத்தையும், எந்தத் தடுப்பு மந்திரத்தையும் துளைக்கிற கொலை மந்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சவன். ஃப்ரீரென் கோஷ்டியால அவனைக் கொல்ல முடியாம, முடக்கி மட்டும்தான் வைக்க முடிஞ்சது. 80 வருஷம் கழிச்சு அவன் கண் திறந்து, அதே மந்திரத்தை விடுறான். ஃப்ரீரெனோட சின்னப் பொண்ணு சிஷ்யை ஃபெர்ன் அசால்ட்டா தடுத்துடறா!

எப்படி? அந்த 80 வருஷமும் மனுஷங்க சும்மா இல்லை. அந்த மந்திரத்தைப் பிரிச்சு மேஞ்சு, அதுக்குத் தடுப்பு கண்டுபிடிச்சு, கடைசியில அதையே எல்லா மந்திரவாதியும் கத்துக்கிற சாதாரணப் பாடமாக்கிட்டாங்க. குவாலும் லேசுப்பட்டவன் இல்லை. புதுத் தடுப்பு சக்தியை நிறையக் குடிக்குதுன்னு நொடியில கண்டுபிடிச்சு, ஒரே நேரத்துல பல பக்கமிருந்து அடிக்கிறான். இப்படி அந்த உலகத்துல எல்லாருக்கும் மூளை இருக்கு. ஹீரோ பார்க்காதப்பவும் அது வேலை செய்யுது.

'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' (2001-2010) இன்னும் கறார். எழுதி வரைஞ்ச ஹிரோமு அரகாவா ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஒண்ணைப் பெறணும்னா அதே மதிப்புள்ள இன்னொண்ணைக் கொடுக்கணும் என்பதுதான் கதையின் சட்டம். ஒரு மனுஷ உடம்புக்குத் தண்ணீர் 35 லிட்டர், கார்பன் 20 கிலோ, அமோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு ஒன்றரை கிலோன்னு பட்டியலே போடுது. பாக்கெட் மணியில வாங்கிடலாமாம்! செத்த அம்மாவை அப்படித்தான் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறாங்க அண்ணனும் தம்பியும். தம்பிக்கு உடம்பே போகுது. அண்ணன் எட்வர்டுக்கு ஒரு கால் போகுது. தம்பி உயிரையாவது இரும்புக் கவசத்துல கட்டி நிறுத்த ஒரு கையையும் கொடுக்கிறான். மத்த ரசவாதிங்க வட்டம் வரையணும், எட்வர்ட் கை தட்டினாலே போதும். 'ஓவர் பவர்'னு சொல்லத் தோணும்போதெல்லாம், தட்டுற கைகள்ல ஒண்ணு இரும்புங்கறது கண்ணுல படும்.

நோட்டோட கடைசிப் பக்கத்துல சொந்தமா கதை வரைஞ்சுக்கிட்டிருக்கிற ஆளா நீங்க? உங்க ஹீரோ ஒரே வெட்டுல மலையைப் பிளக்கிறானா? தாராளமா பிளக்கட்டும். அடுத்த பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க. அந்த மலையடிவாரத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவர் எங்கே போனார்?