நின்றுபோன ஆராய்ச்சி உதவித்தொகை: நம் பிள்ளைகள் என்ன செய்வது?

ப்ளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் சிலவே. மருத்துவம், பொறியியல், பி.காம்.; பெண் பிள்ளை என்றால் பி.எட். வரை. பட்டம் கையில் வந்ததும் ஒரு பக்கம் வளைகுடா விசா, மறுபக்கம் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. இதற்கிடையில் ஒரு பிள்ளை "நான் பி.எச்டி. பண்ணப் போறேன்" என்று சொன்னால், "இன்னும் அஞ்சு வருஷமா? அதுவரைக்கும் செலவுக்கு?" என்றுதான் அத்தா முதலில் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக இருந்த ஒரு மத்திய அரசுத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் நாம் இழந்தது என்ன, இனி என்ன வழி என்பதை நம் குடும்பங்கள் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

எப்படி வந்தது, எப்படி நின்றது?

நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் பட்டம் அல்லது பட்டயம் பெற்றிருக்க, முஸ்லிம்களில் அது 4 சதவீதத்துக்கும் குறைவு என்று அது காட்டியது. அந்த அறிக்கைக்குப் பிறகு எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் ஒன்றுதான் 2009-ல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள் ஆகிய ஆறு சிறுபான்மையினருக்கும் உரியது. அதில் 30 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது.

2022 டிசம்பர் 8 அன்று மக்களவையில் ஒரு கேள்விக்குப் பதிலளித்த அப்போதைய சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி, வேறு பல உதவித்தொகைகளோடு இது ஒன்றின்மேல் ஒன்றாக அமைவதால் நிறுத்தப்படுகிறது என்றார். 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வானார்கள், 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டது என்பதும் அந்தப் பதிலில் சொல்லப்பட்ட கணக்கு. இதற்குச் சில நாட்கள் முன்புதான் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களின் கல்வி உதவித்தொகையும் நிறுத்தப்பட்டிருந்தது.

அரசு சொன்ன காரணத்தை நாம் பரிசீலித்துப் பார்ப்போம். ஒரே மாணவர் இரண்டு உதவித்தொகைகளை ஒரே நேரத்தில் பெற விதிகளே இடம் தரவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் தகுதி இரண்டு இடங்களில் இருந்திருக்கலாம். அரசுப் பணம் இரண்டு முறை போகவில்லை. ஒரு கதவை மூடினால் அந்த மாணவர்கள் அனைவரும் அடுத்த கதவின் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசை ஏற்கெனவே நீளமானது.

அதுவும் எந்தச் சமயத்தில்? 2020-21 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி கல்லூரி, பல்கலைக்கழகங்களில் படிப்போரில் முஸ்லிம்கள் 4.6 சதவீதம்தான். மக்கள்தொகையில் நம் பங்கு, 2011 கணக்கெடுப்பின்படி, 14.2 சதவீதம். அந்த ஓராண்டில் மட்டும் முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை சுமார் 1.79 லட்சம் குறைந்தது. குறைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உதவியும் நின்றது.

ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன்?

"பி.எச்டி. முடித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். ரமளான் நெருங்கினால் சர்க்கரை நோயுள்ள உம்மா நோன்பு வைக்கலாமா, மாத்திரையை சஹரில் போடுவதா, இஃப்தாரில் போடுவதா என்ற பேச்சு எத்தனை வீடுகளில் வருகிறது! இதற்கு விடை தேடி 2001-ல் 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்து, 2004-ல் வெளியானது. இரண்டாம் வகை நோயாளிகளில் சுமார் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். அவர்களிடம் ரத்த சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இதுபோன்ற ஆய்வுகளின் அடிப்படையில்தான் யாருக்கு ஆபத்து அதிகம், யார் மருத்துவர் கண்காணிப்பில் நோன்பு வைக்கலாம் என்று தரம் பிரிக்கும் வழிகாட்டுதல்கள் இன்று மருத்துவர்களிடம் உள்ளன. ஆலிம்களும் மருத்துவரின் கருத்தைக் கேட்டே இதில் வழிகாட்டுகிறார்கள்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் மருத்துவர்களோடு உயிர்வேதியியல், புள்ளியியல், பொதுச் சுகாதாரம் படித்தவர்களும் வேலை செய்கிறார்கள். நீட் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு மருத்துவ உலகமே மூடிவிட்டது என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

சமூக அறிவியலை நாம் இன்னும் குறைவாகவே மதிக்கிறோம். ஆனால் நம் உரிமைகள் நீதிமன்றத்தில் நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது. ஆந்திராவில் முஸ்லிம்களில் பின்தங்கிய பிரிவினருக்கு 4 சதவீத இடஒதுக்கீடு தந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2010 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தரவுகள் அறிவியல் முறைப்படி திரட்டப்படவில்லை என்பது முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அதைத் தொடர அனுமதித்தது வேறு விஷயம். தமிழ்நாட்டில் நாம் அனுபவிக்கும் 3.5 சதவீதத்தையும் நாளை ஒருவர் கேள்வி கேட்டால், மேடைப் பேச்சு அதற்குப் பதிலாகாது. புள்ளிவிவரம்தான் பதில். சச்சார் குழுவின் உறுப்பினர் செயலராக இருந்த அபூசாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளாதார ஆய்வாளர். அவரைப் போன்றவர்கள் கணக்கெடுத்துக் கொடுத்ததால்தான் நம் நிலை நாட்டுக்கே தெரிந்தது.

இயற்கை அறிவியலில் ஒபைத் சித்தீக்கியின் வாழ்க்கை நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1962-ல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பின்னர் பெங்களூருவில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை உருவாக்கினார். பழ ஈ எப்படி மணத்தையும் சுவையையும் அறிகிறது என்பதே அவருடைய நீண்டகால ஆய்வு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த ஆய்வுகள் அவருக்கு லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியையும் பத்ம விபூஷண் விருதையும் பெற்றுத் தந்தன. அவர் வளர்த்த மையத்தில் இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

இனி என்ன வழி?

நிறுத்தப்பட்ட திட்டத்தை மீண்டும் கொண்டுவரக் கோருவது நம் உரிமை. நம் எம்.பி.க்களிடம் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இருக்கின்ற வழிகளைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, நெட் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு யுஜிசி நெட், அறிவியல் பாடங்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட். இதில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் கிடைக்கும். இது 2023 ஜனவரி முதலான தொகை. "செலவுக்கு?" என்று கேட்ட அத்தாவுக்கு இதுவே பதில். ஜேஆர்எஃப்-க்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும் ஓபிசி பிரிவினருக்கும் தளர்வு உண்டு.

இரண்டாவது, ஓபிசி மாணவர்களுக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைமார் மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் மாநில அரசு தரும் பிசிஎம் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்ற ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். தேர்வில் ஜெயித்தும் இந்த ஒரு காகிதத்தால் வாய்ப்பு கைநழுவக் கூடாது.

மூன்றாவது, மருத்துவ ஆராய்ச்சிக்கு ஐசிஎம்ஆர், சமூக அறிவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் ஆகியவை தனியே உதவித்தொகை தருகின்றன. தமிழக அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வு நடத்துகிறது.

கடைசியாக, நம் ஜமாஅத்துகளும் வெளிநாட்டில் இயங்கும் ஊர் சங்கங்களும் செய்யக்கூடிய ஒன்று. இவர்களின் கல்வி நிதி பெரும்பாலும் பள்ளி, கல்லூரிக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. ஆராய்ச்சி மாணவரின் சிரமம் வேறு வகையானது. உதவித்தொகை மாதாமாதம் தவறாமல் வருவதில்லை. மௌலானா ஆசாத் திட்டத்தில் ஏற்கெனவே தேர்வானவர்களுக்குத் தொகை தொடரும் என்று அரசு சொல்லியிருந்தும், 2025-ல் பல மாதங்கள் பணம் வராமல் மாணவர்கள் தவித்தார்கள். விடுதி வாடகை கொடுக்க முடியாமல் படிப்பை விட நினைத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் அவர்களுக்குத் தேவை தானமல்ல. நான்கைந்து மாதங்களுக்கு ஓர் அழகிய கடன். தொகை வந்ததும் திருப்பித் தந்துவிடுவார்கள். ஓர் ஊரில் இப்படி இரண்டு மூன்று பேரைத் தாங்குவது நம்மால் முடியாத காரியமல்ல.

அடுத்த முறை ஒரு பிள்ளை, அதுவும் ஒரு பெண் பிள்ளை, "மேலே ஆராய்ச்சி படிக்கிறேன்" என்று சொன்னால், உடனே மறுத்துவிடாமல் எந்தப் பாடம், எந்தத் தேர்வு, எப்போது விண்ணப்பம் என்று கேட்போம். இன்ஷா அல்லாஹ், நம் சமுதாயத்தைப் பற்றி வருங்காலத்தில் எழுதப்படும் ஆய்வுகளில் சிலவற்றையாவது நம் பிள்ளைகளே எழுதட்டும்.