ஊசித் துவாரத்தில் ஒரு வைத்தியம்: கடையநல்லூர் மாணவர்கள் கவனத்துக்கு!

கைக்குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடுகிறது. கொஞ்ச நேரம் அழுகை. அப்புறம் அசதி. மறுபடியும் அழுகை. குடித்த பால் வாந்தியாக வருகிறது.

வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "உரம் விழுந்திருக்கும்ளா, சேலையில போட்டு உருட்டினா சரியாப் போகும்!"

உரமாக இல்லாவிட்டால்? குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருக்கலாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. மலத்தில் ரத்தமும் சளியும் கண்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. விட்டால் குடல் அழுகிவிடும். வயிற்றைக் கிழித்தே ஆக வேண்டும்.

சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் கதையே வேறு. ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புத் தண்ணீரையோ செலுத்தி, எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பார்த்துக்கொண்டே, செருகிய குடலைத் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தியே வேண்டாம். எக்ஸ்ரே, ஸ்கேன் படித்த டாக்டர் இதைச் செய்வார். சர்ஜன் பக்கத்தில் தயாராக நிற்பார்.

இந்த வழியில் இன்னும் மேலே போன படிப்புதான் 'பீடியாட்ரிக் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார்! விஷயம் என்னவோ எளிது. தொடை ரத்தக்குழாயில் ஊசி போட்டு, நூல் போன்ற குழாயை உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடியே நோய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. ரத்தம் கசிகிற குழாயை அடைக்கலாம். முகத்தில், நாக்கில் வரும் ரத்தக்குழாய்க் கட்டிக்குள் மருந்து ஏற்றிச் சுருக்கலாம். குழந்தைக்குக் கண்ணில் புற்றுநோய் வந்தால், கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயிலேயே மருந்தைச் செலுத்தலாம். கண்ணை எடுக்காமலே பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஊசி வழியே குழாய் செலுத்தும் சுலப முறையை 1953-இல் சுவீடன் டாக்டர் செல்டிங்கர் வெளியிட்டார். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர் அதையே வைத்தியமாக்கினார். கால்விரல் அழுகிய 82 வயதுப் பாட்டி, "காலை வெட்ட விடமாட்டேன்" என்று அடம் பிடித்தார். அடைத்த ரத்தக்குழாயை டாட்டர் உள்ளிருந்தே விரித்துவிட்டார். பாட்டி எழுந்து நடந்தார்!

பாட்டிக்குச் செய்ததைப் பாப்பாவுக்கு அப்படியே செய்ய முடியாது. 3 கிலோ பச்சைக்குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான். ஒரு டம்ளர் அளவு! அதில் கொஞ்சம் வீணானாலே ஆபத்து. மருந்தைக் கிலோக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே கதிரும் பெரியவர்களைவிடக் குழந்தைகளை அதிகம் பாதிக்கும். 'ஆடாமல் படு' என்றால் குழந்தை கேட்குமா? மயக்க மருந்து டாக்டர் கூடவே இருக்க வேண்டும். அதனால்தான் இதற்குத் தனிப் பயிற்சி.

படிப்பு நீளம்தான். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். 5½ வருஷம். எம்.டி. ரேடியாலஜி 3 வருஷம். அதன்மேல் டி.எம். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி 3 வருஷம். பிறகு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மேற்பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. ஈய அங்கியைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்கிற வேலை வேறு. "படிச்சு முடிக்கிறதுக்குள்ள தலை நரைச்சிடுமே, வளைகுடாவுக்குப் போனா நாலு காசு பார்க்கலாமே" என்று கடையநல்லூரில் ஒரு தகப்பனார் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. 6-ஆம் வகுப்பு முதல் ப்ளஸ்-டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேறியவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. அரசு டாக்டராகச் சேர்ந்துவிட்டு மேலே படிக்கவும் வழி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கி அதே வருஷம் உத்தரவு போட்டார்கள்.

அரசாங்கத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். பக்கத்து விருதுநகருக்குக் கிடைத்தது. தென்காசிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பெரிய வைத்தியம் என்றால் கடையநல்லூர்க்காரர் திருநெல்வேலிக்கு ஓட வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற தாய்க்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு யுகம்.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டிடத்தை 2019 ஜனவரியில் திறந்தார்கள். கட்டிடம் மட்டும் ஊசி போடாது. குழந்தைகளுக்கு இந்த வைத்தியம் செய்ய அங்கே நிரந்தர டாக்டர் போஸ்ட் வேண்டும். நர்சும் மயக்க மருந்து டாக்டரும் ராத்திரியிலும் இருக்க வேண்டும். செருகிய குடலைத் தள்ளிவிடுகிற வேலையையாவது தென்காசி அரசு தலைமை ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமும் செய்ய ஏற்பாடு வேண்டும். அதற்கு டி.எம். படித்தவர்தான் வர வேண்டும் என்பதில்லை.

இன்று ப்ளஸ்-டூ முடிக்கிற பிள்ளை முழுப் பயிற்சியோடு திரும்ப 12 வருஷத்துக்கு மேல் ஆகும். வந்து உட்கார நாற்காலி இல்லையென்றால் அந்தப் பிள்ளை சென்னையிலேயே தங்கிவிடும். போஸ்டை இப்போதே அனுமதியுங்கள்!