விரலில் அளந்தீர்களா?

ரிங் பிரேமின் முன்னே எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் உழைக்கும் மில் தொழிலாளிக்கும், சேற்றில் இறங்கி நாற்று நடும் விவசாயத் தொழிலாளிக்கும் கால்தான் ஆஸ்தி. கால் போனால் கூலி போயிற்று. ஆகவேதான் காலைப் பற்றிய ஒரு பரிசோதனை குறித்து இன்று எழுதுகிறோம். தலையங்கத்துக்கு உரிய விஷயமா இது என்று சிலர் கேட்கலாம். கூலியைப் பற்றிய விஷயம் என்றே நாம் கருதுகிறோம்.

நீரிழிவு பணக்காரர் வியாதி என்பது பழங்கதை. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது. நோய் நீடித்தால் பாதம் மரத்துப் போகிறது. முள் குத்தினாலும் தெரிவதில்லை. பீடியும் சேர்ந்தால் காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இன்னும் விரைவில் அடைபடுகின்றன. புண் ஆற இரத்தம் வேண்டும். இரத்தம் வராத இடத்தில் களிம்பு என்ன செய்யும்?

கணுக்காலில் இரத்த அழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது டாக்டர்களின் வழக்கம். விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். நல்ல முறைதான். ஆனால் நீரிழிவு முற்றியவர்களிடம் இது ஏமாற்றிவிடுகிறது. அவர்களில் பலருக்குக் கணுக்கால் குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியிருக்கும். பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் நசுங்காது. கருவி உயர்ந்த எண்ணைக் காட்டும். 'ஓட்டம் சரியாக இருக்கிறது' என்று சீட்டு வரும். புண்ணோ அழுகிக்கொண்டே போகும்.

விரலின் சிறு குழாய்களில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. பெருவிரலின் அடியில் மோதிரம் போல் ஒரு சிறு பட்டை, நுனியில் நாடித்துடிப்பைக் காணும் ஒளிக் கருவி, இவ்வளவுதான் தேவை. துடிப்பு மறையும்வரை காற்றடித்து, மெல்லக் குறைக்கிறார்கள். துடிப்பு எந்த அளவில் திரும்புகிறதோ, அதுவே விரலின் அழுத்தம். ஊசியில்லை, கத்தியில்லை. நோயாளி சற்று நேரம் படுத்திருக்க வேண்டும்; கால் குளிர்ந்திருந்தால் எண் தவறாகக் குறைந்து வரும். வராந்தாவின் ஈரத் தரையில் மணிக்கணக்கில் நிறுத்திவிட்டு அளப்பது அளவாகாது!

கையின் அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்குக்கும் குறைவானால் ஓட்டம் குறைவு. 30 மில்லி மீட்டருக்குக் கீழே இறங்கினால் அபாயம். உடனே படம் எடுத்து, பலூன் வைத்து அடைப்பைத் திறக்க முடியுமா, மாற்று வழி போட முடியுமா என்று இரத்தக் குழாய் டாக்டர் பார்க்க வேண்டும்.

இதைச் செய்யாமல் விரலை வெட்டினால் என்ன நடக்கும்? வெட்டிய காயமும் ஆற இரத்தம் வேண்டுமே! இன்று விரல், நாளை பாதம், பிறகு முழங்கால். கிருமி பரவி உயிருக்கே ஆபத்தான நிலையில் கத்தியைத் தள்ளிப்போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மற்ற நேரங்களில் என்ன அவசரம்?

இ.எஸ்.ஐ.க்காக 2019 ஜூலை முதல் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கப்படுகிறது. அந்தப் பணத்துக்கு இந்தச் சிறு பட்டையைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. வயல் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, அவருக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் இது கிடைக்க வேண்டும். சங்கங்கள் தங்கள் கோரிக்கை மனுவில் இதையும் சேர்க்கட்டும். காலில் ஆறாத புண்ணுள்ள தோழர்கள், வெட்டச் சம்மதித்துக் கைநாட்டு வைக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள்: 'விரலில் அளந்தீர்களா, ஐயா?'