வானத்திலும் சுற்றுவழியா?



நெல்லைச் சீமைக்கு அண்மையில் உள்ள விமான நிலையம் எது? வாகைக்குளம் என்பீர்கள். தூத்துக்குடி விமான நிலையம் என்ற பெயரில் 1992இல் திறக்கப்பட்டது அது. நெல்லைச் சந்திப்பிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. இன்று அதன் ஓடுபாதை 3,115 மீட்டர் நீண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 450 கோடி ரூபாய்ச் செலவில் விரிவாக்கப்பட்டு, புதிய முனையம் 2025 சூலை 26ஆம் நாள் திறக்கப்பட்டது.

மகிழ்ச்சி! ஆனால், நிலையம் வளர்ந்த அளவுக்கு வழிகள் வளர்ந்தனவா?

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வாகைக்குளத்திலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். சிறு விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். நேர்ச்சேவை இல்லையேல் பயணி என் செய்வார்? சென்னைக்கு 530 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அங்கே விமானம் மாறி, கோவைக்கு 400 கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். ஆக 930! வீணாகும் தொலைவு மட்டும் 650 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநையின் முழு நீளமே 128தான். அதைப்போல் ஐந்து மடங்கு! பறக்கும் நேரமே மூன்று மணியை நெருங்கும்; சென்னையில் காத்துக் கிடக்கும் நேரம் தனி. அம்பாசமுத்திரத்து வணிகரும், மருத்துவம் நாடிச் செல்லும் நோயாளியும் இதைவிட இரவு இரயிலே மேல் என்று எண்ணமாட்டாரா?

"ஆள் ஏறாது, நட்டம் வரும்" என்பர் சிலர். அந்த நட்டத்தில் பங்கேற்கத்தானே 2016இல் உடான் திட்டம் வகுக்கப்பட்டது! மத்திய அரசும் மாநில அரசும் மூன்றாண்டுகள் ஈட்டுத்தொகை தரும் திட்டம் அது. விளைந்தது என்ன? 2023இல் வெளிவந்த தணிக்கைத் தலைவரின் அறிக்கை கூறுகிறது: ஆராய்ந்த 774 வழித்தடங்களில் தொடங்கியவை 371, மூன்றாண்டை நிறைவு செய்தவை 112 மட்டுமே. கைத்தடியைத் திடீரெனப் பறித்தால் குழந்தை நடக்குமா?

எல்லா ஊருக்கும் விமானம் கேட்கவில்லை நாம். மதுரை வான்வழியில் 120 கிலோமீட்டரே. அதற்கு நால்வழிச் சாலை போதும். நெல்லைக்கெனத் தனி நிலையமும் கேட்கவில்லை. கேட்பவை மூன்றே: கோவைக்குக் காலையும் மாலையும் நேர்ச்சேவை, விமான நேரத்தை ஒட்டி நெல்லைச் சந்திப்பிலிருந்து அரசுப் பேருந்து, ஈட்டுத்தொகையை ஒரேயடியாய் நிறுத்தாமல் படிப்படியாய்க் குறைக்கும் முறை.

ஆறு வளைந்து ஓடுவது நிலத்தின் மேடுபள்ளத்தால். வானத்தில் மேடேது, பள்ளமேது? அங்குள்ள வளைவு மனிதர் வகுத்தது. அதை நிமிர்த்துவது ஆள்வோர் கடன். நிமிர்த்தும் வரை கேட்பது நம் கடன்!