வீட்டுக்கு உதவும் விஞ்ஞானம்: பழைய வீடியோ நாடாவை ஓட்டுமுன்



நம் வீட்டுப் பரண்களிலும் பங்கு இல்லத்து அலமாரிகளிலும் பழைய வீடியோ கேசட்டுகள் சில இன்னும் தூசி படிந்து கிடக்கின்றன. 1982ஆம் ஆண்டில் நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமானதைத் தொடர்ந்து, திருமணம், புதுநன்மை, குருப்பட்டம், ஆண்டுத் திருவிழாத் தேர்ப்பவனி ஆகியவற்றை வீடியோவில் பதிவு செய்யும் வழக்கம் ஊர்தோறும் பரவிற்று. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வருகை தந்தபோது எடுத்த காட்சிகளைப் பாதுகாத்து வைத்திருப்போரும் இருக்கக்கூடும். அந்நாடாக்களில் பதிந்திருக்கும் முகங்களுள் பல இன்று நம்மிடையே இல்லை. அம்முகங்களோடு அவர்தம் குரலும் நடையும் சிரிப்பும் அதே நாடாவில்தான் உறங்குகின்றன.

இவற்றை ஓட்டும் கருவிகளோ இப்பொழுது புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஜப்பான் நாட்டு ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தன் வி.எச்.எஸ். கருவி உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே, எங்கோ ஒரு ஸ்டூடியோவிலோ பங்கு இல்லத்திலோ எஞ்சியிருக்கும் கருவியைக் கொண்டே நம் நாடாக்களை மீட்டாக வேண்டும். அத்தகைய கருவியை எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு பழுதின்றி இயக்குவது என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

கருவியின் வரலாறும் அமைப்பும்

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த கருவியே தொலைக்காட்சி நிலையங்களில் புழங்கிய முதல் வீடியோ நாடாப் பதிவுக் கருவி. அதன் நாடா 2 அங்குல அகலமுடையது. கருவியோ ஒரு பெரிய அலமாரி போன்றது. 1971இல் சோனி நிறுவனம் யூ-மாட்டிக் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முக்கால் அங்குல நாடாவைக் கேசட் பெட்டிக்குள் அடக்கிய இக்கருவி ஸ்டூடியோக்களிலும் கல்வி நிலையங்களிலும் செய்திப் பிரிவுகளிலும் நெடுங்காலம் உழைத்தது. வீடுகளுக்கான வி.எச்.எஸ். 1976இலும், தொழில்முறைக்கான பீட்டாகேம் 1982இலும் வந்தன. இவ்விரண்டும் அரை அங்குல நாடாவை உடையவை.

நாம் இங்கே யூ-மாட்டிக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கேசட்டை உள்ளே தள்ளியதும் கருவி நாடாவை வெளியே இழுத்து, டிரம் எனப்படும் வட்ட உருளையைச் சுற்றிப் பொருத்திக்கொள்கிறது. அப்பாதை ஆங்கில ‘யூ’ எழுத்தின் வடிவில் அமைவதாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. நம் நாட்டின் பால் முறையில் நாடா நொடிக்கு ஏறத்தாழ 9.5 செ.மீ. தூரமே நகர்கிறது, டிரம் உருளையோ நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதில் பதிந்துள்ள ஹெட் என்னும் நுண்ணிய காந்த முனை, நொடிக்கு எட்டரை மீட்டர் வேகத்தில் நாடாவின்மீது உராய்ந்து செல்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர்ச் சொல்லும் விதிகள் எல்லாம் எளிதில் விளங்கிவிடும். இத்தனை வேகத்தில் ஒரு மணல் துகள் இடையே சிக்கினாலும் முனையும் கெடும், நாடாவும் கீறும். ஒழுங்காக ஓடும் நாடாவும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது.

நாற்பதாண்டு மூப்படைந்த நாடாவுக்கு அடுத்த ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் அமையலாம். ஆதலால், “முதலில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம், பிறகு நகல் எடுப்போம்” என்னும் எண்ணத்தைக் கைவிடுதல் வேண்டும். பார்க்கும் முதல் முறையே நகல் எடுக்கும் முறையாகவும் இருக்கட்டும்.

இடமும் மின்சாரமும்

தொழில்முறைக் கருவி கனமானது; இருவர் சேர்ந்து தூக்குதல் நலம். அசையாத, சமமான மேசைமீது அதை வைத்து, காற்றோட்டத் துளைகளைத் துணியாலோ புத்தகங்களாலோ மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியின் அருகில் நாடாவை வைக்கலாகாது. அதனுள் இருக்கும் காந்தம் பதிவைக் கெடுத்துவிடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான அறைக்குக் கருவியை மாற்றினால், டிரம்மின் மீது கண்ணுக்குத் தெரியாத பனி படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிச் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். பல கருவிகள் ஈரத்தை உணர்ந்து தாமே நின்றுவிடும். எனினும் அதை நம்பியிராமல், கருவியையும் கேசட்டையும் இரண்டு மணி நேரமேனும் புதிய இடத்தில் சும்மா வைத்திருந்து பின்னர் இயக்குவதே அறிவுடைமை.

கருவியின் பின்புறத்தில் எத்தனை வோல்ட் என்று பொறித்திருப்பதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஜப்பானில் புழங்கிய கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் புழங்கியது 120 வோல்ட்டுக்கும் உரியது. அவற்றை நம் வீட்டு 230 வோல்ட் இணைப்பில் நேரே செருகினால் அந்த நொடியே எரிந்துபோகும். எர்த் உள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துக. பல்லாண்டுகள் ஓய்ந்திருந்த கருவியானால், முதலில் ஒரு மெக்கானிக் அதன் மின்பகுதியையும் இறுகிப்போன ரப்பர் உருளைகளையும் சோதிக்கட்டும். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே, பழக்கமில்லாதார் மூடியைத் திறக்கவே கூடாது. தீய்ந்த வாடை வந்தால் கருவியின் பொத்தானைத் தேடிக்கொண்டிராமல் சுவர் இணைப்பையே துண்டிக்க வேண்டும்.

இணைப்புகள்

கருவியின் வீடியோ வெளியீட்டிலிருந்து 75 ஓம் கேபிள் ஒன்றைக் கணினிக்குச் செல்லும் மாற்றிக்கு இணைக்க வேண்டும். நடுவே மானிட்டர் வைப்பதானால், வரிசையில் கடைசியாக உள்ள கருவியில் மட்டும் 75 ஓம் முடிப்பு இருத்தல் வேண்டும். இரண்டிடத்தில் இருந்தால் படம் மங்கும். ஓரிடத்திலும் இல்லாவிடில் படம் அளவு மீறி வெளுக்கும். பழைய நாடாவின் ஓட்டம் சீராக இராது; ஆதலால் படம் நடுங்கும். அந்நடுக்கத்தைத் திருத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்னும் துணைக்கருவி கிடைத்தால் இடையில் சேர்ப்பது பெரும் நன்மை பயக்கும். ஒலிக்கு இரு தடங்கள் உண்டு. ஒன்றில் பாடகர் குழுவும் மற்றொன்றில் மறையுரையும் தனித்தனியே பதிந்திருக்கலாம். எனவே இரண்டையும் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் வாழும் உறவினர் அனுப்பிய நாடா என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், பால் முறைக்கு மட்டுமே உரிய கருவியில் அது சரியாகத் தெரியாது.

நாடாவைச் சோதித்தல்

எல்லாவற்றுக்கும் முன்பாக, தவறிப்போய் மேலே பதிவாகாதபடி காவல் செய்ய வேண்டும். யூ-மாட்டிக் கேசட்டின் அடிப்புறத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் கருவி பதிவு செய்யாது. வி.எச்.எஸ். கேசட்டில் முதுகுப் பக்கத்துச் சிறு பிளாஸ்டிக் இதழை ஒடித்துவிட வேண்டும். ரெக்கார்ட் பொத்தானில் ஒரு விரல் தவறிப் பட்டதனால் திருமணத் திருப்பலி முழுதும் அழிந்து, அதன்மேல் வெறும் இரைச்சல் பதிந்துவிடக்கூடும். அதை மீட்க எவராலும் இயலாது.

அடுத்து, கேசட்டின் சன்னல் வழியே விளக்கொளியில் நாடாவைப் பாருங்கள். ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகளோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூசணம். கடற்கரைப் பங்குகளின் உப்புக்காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் இது எளிதில் வளரும். அந்த நாடாவை ஓட்டினால் கருவி முழுதும் பூசணம் பரவி, அடுத்து வரும் நாடாக்களையும் பற்றும். அத்தூசியைச் சுவாசிப்பதும் கேடு. வேறு சில நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அத்தகைய நாடா ஓடும்போது கிறீச்சென ஒலிக்கும், அல்லது இழுபட்டு நின்றுவிடும். இவ்விரு வகையையும் நாமே சீர்செய்ய முற்படாமல், அனுபவமுள்ள காப்பக வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பதும் அடுப்பங்கரையில் சூடுகாட்டுவதும் நாடாவை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

இயக்குதல்

முதலில் தேவையற்ற ஒரு நாடாவைப் போட்டு, கருவி அதைக் கடிக்காமல் திருப்பித் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னரே அரிய நாடாவை இடுங்கள். கணினியில் பதிவைத் தொடங்கிய பிறகே பிளே பொத்தானை அழுத்த வேண்டும். படத்தில் கோடுகள் தோன்றினால் டிராக்கிங் குமிழை மெல்லத் திருப்புக. அதற்கான முள் இருக்குமானால் அது மிக உயரும் இடத்தில் நிறுத்துக. படத்தின் மேற்புறம் மட்டும் வளைந்து சாய்ந்தால், ஸ்கியூ குமிழைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். மறைந்த தாயின் முகம் திரையில் தோன்றினால் எழாமல் இராது. ஆனால் பாஸ் நிலையில் ஹெட் முனை ஒரே இடத்தையே தொடர்ந்து தேய்க்கிறது. அந்த ஆசையை நகலில் தீர்த்துக்கொள்வோம். அதில் எத்தனை நேரம் நிறுத்தினாலும் தேயாது.

திடீரெனப் படம் முழுதும் புள்ளிமயமானால் முனையில் அழுக்கு அடைத்துவிட்டதென்று பொருள். உடனே நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து, மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பயிற்சியுள்ளவர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத மென்துணியை டிரம்மின் மீது அசையாமல் வைத்து, உருளையை மட்டும் கையால் மெல்லச் சுழற்றித் துடைப்பார். மேலும் கீழுமாகத் தேய்த்தால் முனை ஒடிந்துவிடும். முற்றும் உலர்ந்த பின்னரே அடுத்த நாடாவை இட வேண்டும்.

முடிக்கும்போது ஸ்டாப், எஜெக்ட், அதன் பின்பே மின்சாரம் நிறுத்துதல் என்னும் வரிசை மாறக் கூடாது. நடுவில் மின்வெட்டு நேர்ந்தால் நாடா உள்ளே சுற்றியபடியே நின்றுவிடும். அவசரப்பட்டுப் பிடித்து இழுக்காமல் மின்சாரம் வரும்வரை காத்திருங்கள். யு.பி.எஸ். ஒன்று இணைத்திருந்தால் இக்கவலையே இல்லை.

நகல் எடுத்த பின்

ஒரே நகல் போதாது. ஒன்று வீட்டிலும், ஒன்று வேறூரில் வாழும் உடன்பிறந்தாரிடமும், பங்கு நிகழ்ச்சியாயின் ஒன்று பங்கு அலுவலகத்திலும் இருக்கட்டும். மூல நாடாவை எறிந்துவிடாமல், படுக்க வைக்காமல், புத்தகம் போல நிறுத்தி, ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

இன்னொரு கடமையும் உண்டு. பங்கின் மூத்தோரை அழைத்து நகலைக் காட்டி, குடை பிடித்து வருபவர் யார், பாட்டுக்குழுவில் நிற்பவர் யார், நன்மை வாங்கும் சிறுவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முகங்களைக் கருவி காப்பாற்றித் தரும். பெயர்களை அறிந்த பெரியோர் போய்விட்டால் அவற்றைச் சொல்ல எவருமிலர். நாடா மூப்படைவது போலவே அவர்களும் மூப்படைந்து வருகிறார்கள்.

நோயுற்றுப் படுத்திருந்த புனித கிளாரம்மாள், ஆலயத்துக்குச் செல்ல இயலாத நிலையில், அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலேயே காட்சியாகக் கண்டார் என்பது மரபு. அதனை நினைவுகூர்ந்தே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். தொலைவில் நிகழ்வதை மட்டுமன்றி, காலத்தால் தொலைந்துபோனதையும் நம் கண்முன் நிறுத்தும் ஆற்றல் இந்த நாடாவுக்கு உண்டு. தாலந்தை நிலத்தில் புதைத்த ஊழியனைப் போல் அதைப் பரணிலேயே புதைத்து வைத்தல் முறையாகாது.

இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாளுக்கு முன்பாக, ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கேசட் பெட்டியைக் கீழே இறக்கி, எத்தனை நாடாக்கள் உள்ளன, எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று ஒரு தாளில் எழுதட்டும். பங்குப் பேரவை அப்பட்டியல்களைச் சேர்த்து, ஒரே கருவியையும் தேர்ந்த ஒருவரையும் கொண்டு எல்லார்க்கும் நகல் எடுக்க ஏற்பாடு செய்யலாம். தனித்தனியே செலவிட இயலாத ஏழைக் குடும்பங்களும் அதனால் தம் முன்னோரின் முகங்காணும்.